உறை ஊற்றிய குரல்

பாளையங்கோட்டையில் ஒரு வளவு இருக்கிறது. இன்ன தெரு என்று சொல்லிவிட்டால் நாளைக்கே ஆளாளுக்குத் தூக்குச் சட்டியோடு வந்து வாசலில் நிற்பார்கள் என்பதால் தெருப் பெயரைக் கேட்காதீர்கள். ஒரே தலைவாசலுக்குள் எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், நடுவில் ஒரு கிணறு, ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள், ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மற்ற எல்லா வீட்டிலும் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள், அப்படிப்பட்ட வளவு. அங்கேதான் ஆவுடையம்மாள் தன் குரலைத் தொலைத்துவிட்டு, கொஞ்ச காலம் அடுத்தவர்கள் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இதை நம்பாதவர்கள் அந்த வளவில் யாரும் கிடையாது, ஏனென்றால் அங்கே இருக்கிற எல்லோருமே அவளுக்குத் தங்கள் குரலில் கொஞ்சம் கொடுத்தவர்கள்.

ஆவுடைக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவள் குரல் இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை, அவளும் அப்படி நினைத்ததில்லை. கரகரப்பாக, நடுவில் லேசாகக் கீறல் விழுந்து, ஆனால் வெகு தூரம் போகிற குரல். வளவு வாசலில் நின்று "ஏட்டி கோமூ" என்று அவள் மகளைக் கூப்பிட்ட காலத்தில், அடுத்த தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த கோமு கல்லைப் போட்டுவிட்டு ஓடி வருவாள், கூட ஆடிய பிள்ளைகளும் எதற்கு வம்பு என்று அவரவர் வீட்டுக்குப் போய்விடும். அவளுடைய ஏச்சு பேர்போனது. சோறு போட்டுக்கொண்டே ஏசுவாள், தலை பின்னிக்கொண்டே ஏசுவாள், காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுக்கும்போது கூடக் கொஞ்சம் ஏசுவாள். அவள் ஏசாமல் இருந்தால்தான் ஏதோ கோபம் என்று அர்த்தம், அது அவள் புருஷன் சங்கரலிங்கத்துக்கும் தெரியும், மகள் செல்வகோமதிக்கும் தெரியும்.

அந்தத் தொண்டைக்குழியில்தான் ஒரு நாள் கண்ணாடி பார்க்கையில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்கியது. தைராய்டு என்றார்கள், ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டுக் கேன்சர் என்றார்கள், கேன்சரிலேயே இது ரொம்பச் சாதுவான வகை என்று சமாதானமும் சொன்னார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா கெட்டிக்காரி. கட்டியோடு ஒட்டிக் கிடந்த குரல் நரம்பை அறுத்துப் போடாமல் பைய உரித்துக் காப்பாற்றினாள். நரம்பு பிழைத்துக்கொண்டது, ஆனால் அசந்துவிட்டது. "தூங்குது. முழிக்கும். எப்ப முழிக்கும்னு அதுதாம்மா சொல்லணும்" என்றாள் டாக்டரம்மா. "அது வரைக்கும் தண்ணி மாதிரி எதையும் மடக்மடக்குனு குடிச்சா புரையேறும். கெட்டியா இருக்கிறதா குடிங்க, தாடையை நெஞ்சுல வச்சு முழுங்குங்க. கத்தவும் கூடாது, கிசுகிசுன்னு பேசவும் கூடாது." ஆவுடை தலையாட்டினாள். வேறென்ன செய்ய முடியும், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

இதெல்லாம் செல்வகோமதிக்குத் தெரியாது. கல்யாணமாகி ஜாம்நகரில் இருந்தாள், மாப்பிள்ளைக்கு அங்கே எண்ணெய்க் கம்பெனியில் வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக இப்போது உண்டாகியிருந்தாள். ரயிலில் ஏறக் கூடாது, மனசு கலங்கக் கூடாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அதனால் ஆபரேஷனுக்குப் போகிற ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் ஆவுடை வளவு முழுவதையும் கிணற்றடியில் கூட்டி வைத்து, அப்போது இருந்த தன் சொந்தக் குரலில், "பிள்ளை பொறக்கிற வரைக்கும் கோமு காதுல இது விழக் கூடாது, விழுந்துச்சுன்னா நான் திரும்பி வந்து ஒவ்வொருத்தரையா ஏசுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவள் திரும்பி வந்த அன்றைக்குச் சங்கரலிங்கம் பாலைக் காய்ச்சி ஆற வைத்தார். வீடு பூட்டிக் கிடந்ததில் உறைமோர் இல்லை. ஆவுடை எதிர் வீட்டு வாசலில் போய் நின்று காலிக் கிண்ணத்தைக் காட்டினாள். எதிர் வீட்டுப் பிச்சம்மாள் பேச்சை நிறுத்தவே தெரியாதவள். உறைமோர் டம்ளரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டிலிருந்து ஆவுடை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், குழாயில் தண்ணீர் வராததையும், மருமகள் குக்கரை அடிப்பிடிக்க விட்டதையும், பூனை குட்டி போட்ட இடத்தையும் சொல்லி முடித்தாள். சொன்னதெல்லாம் டம்ளருக்குள்ளே விழுந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. ஆவுடை பாலுக்கு இரண்டு கரண்டி ஊற்றியது போக மீதி கெட்டி மோரை, டாக்டரம்மா சொன்னபடி தாடையை நெஞ்சில் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்ததும் சங்கரலிங்கம் பிச்சம்மாளின் குரல் கேட்டுத்தான் எழுந்தார். "கிணத்தடியில கோலமாவ எவ இப்படிக் கொட்டி வச்சிருக்கா" என்று அந்தக் குரல் அவர் வீட்டு அடுப்படிக்குள்ளேயே கேட்டது. வேற்று வீட்டுப் பெண் முன்னால் இடுப்புத் துண்டோடு நிற்கிறோமே என்று பதறிச் சட்டையைத் தேடியவர், அடுப்படியில் தன் பெண்டாட்டி மட்டும் கழுத்தில் கை வைத்து நிற்பதைப் பார்த்தார். பிச்சம்மாள் வந்து பார்த்தாள். ஆவுடையைப் பேசச் சொல்லிக் கேட்டாள். "என் குரலா இது, இம்புட்டுக் கட்டையாவா இருக்கும்" என்று கொஞ்சம் மனசு வருத்தப்பட்டாள், பிறகு மூடியைத் திறந்து தயிர்ச் சட்டியைச் சாய்த்துப் பார்த்து, "ரெண்டுலயும் நல்லா உறை விழுந்திருக்கு மைனி" என்றாள். விஷயம் அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் அதைத் தோண்டவில்லை.

தோண்ட என்ன இருக்கிறது. தயிர் எப்படி உறையும் என்று தெரிந்த பெண்களுக்குக் குரல் எப்படி உறையும் என்று தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் இறுகலாக இருக்கும், மத்தியானம் தளரும், சாயங்காலம் புளிக்கும், விளக்கு வைக்கும்போது வெறும் தண்ணீராகப் பிரிந்து போகும். இரண்டு வீட்டு உறையைக் கலக்கக் கூடாது. ஊற்றிய பிறகு ஆட்டக் கூடாது என்பதால் குடித்தபின் ஆவுடை தலையைத் திருப்ப மாட்டாள், தயிர்ச் சட்டியைப் போர்த்தி வைக்கிற மாதிரி கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பால், மோர், உப்பு, ஊசி எதுவும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் கூடவே லட்சுமியும் எழுந்து போய்விடுவாள் என்பது அந்த வளவில் எல்லா வீட்டுக்கும் பொது. பிச்சம்மாள் அதில் ரொம்பக் கண்டிப்பு. குரலும் மோரில்தானே போகிறது, ஆகவே வெள்ளி சாயங்காலம் குரல் கொடுப்பதில்லை, ஆகவே சனிக்கிழமைகளில் ஆவுடை பேசுவதில்லை என்று ஆகிவிட்டது. டாக்டரம்மா மூக்கு வழியாகச் சின்னக் காமிராவை விட்டுப் பார்த்தாள். "நரம்பு இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கு, ஆனா பேசுறீங்க. யாரோடது?" என்று கேட்டாள். "எதிர்த்த வீட்டு மைனியோடது" என்றாள் ஆவுடை. "சரி, புளிக்கிறதுக்கு முன்னாடி பேச்சை நிறுத்திக்கோங்க. தினமும் ம்… ம்…னு மூக்கால இழுத்துப் பழகுங்க, பாத்திரம் கதகதப்பா இருந்தாத்தான் நல்லா உறையும்" என்று அனுப்பி வைத்தாள்.

பிறகு ஒவ்வொரு வீடாக டம்ளர் வந்தது. ரெஜினா டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டுப் பேசுகிறவர். அவர் மோரைப் பார்த்துக் கர்த்தர் ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். அந்தக் குரல் பிரமாதமாக உறைந்தது. சங்கடம் என்னவென்றால், சங்கரலிங்கம் சின்ன வயதில் அந்த டீச்சரிடம் படித்தவர், அவரிடம் பிரம்படி பட்டவர். "சட்டையில பொத்தானைப் போடுங்க, சரியா?" என்று டீச்சர் குரலில் பெண்டாட்டி சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். டீச்சர் குரல் இருக்கிற நாளில் உப்பில்லாத குழம்பைக் கூடச் சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டு அரிசி மண்டிக்குக் கணக்கெழுதப் போனார். ஆவுடைக்கு இது பிடித்துப் போய், வாரத்தில் இன்னொரு நாள் டீச்சரிடம் கேட்டு வாங்கினாள்.

கடைசி வீட்டுப் பலவேசம் அண்ணாச்சி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஆம்பிளைக் குரலை எப்படிக் கொடுப்பது என்று அவருக்குக் கூச்சம், கொடுக்காமல் விட்டால் வளவில் தன்னை மதிக்கவில்லையோ என்று அதைவிட வருத்தம். அவர் சம்சாரமே டம்ளரை அவர் வாய்க்கு நேராகப் பிடித்து வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஆவுடை ரேஷன் கடை வரிசையில் நின்று, "முன்னால எடம் கெடக்கு, உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று சொன்னதுதான் தாமதம், சண்டை பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி நகர்ந்துவிட்டார்கள், கடைக்காரர் தராசை விட்டுவிட்டுத் தானும் ஓரடி உள்ளே போனார். அண்ணாச்சி அதைக் கேள்விப்பட்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கொடுத்தவர்களுக்குக் குரல் குறையவில்லை, உறைக்குக் கொடுத்தால் யார் வீட்டுத் தயிர் குறைந்திருக்கிறது. ஆனால் தன் குரலை வெளியே நின்று கேட்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைத்தது, அது சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிச்சம்மாள் தன் மருமகளைக் கூப்பிடுகிற சத்தத்தை ஆவுடை வாயில் கேட்ட பிறகு, கொஞ்ச நாள் மருமகளைப் பெயர் சொல்லிப் பையக் கூப்பிட்டாள். மருமகள் பயந்து போய், அத்தைக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று எல்லோரிடமும் விசாரித்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, போன் மணி அடிக்கும் வரைக்கும். கோமு தினமும் சாயங்காலம் போன் செய்வாள். "அம்மா எங்கப்பா?" என்பாள். குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள், தலைவலி என்று படுத்திருக்கிறாள் என்று சங்கரலிங்கம் மாற்றி மாற்றிச் சொன்னார். வீடியோவில் வரச் சொன்னால் காமிரா மறைத்துப் போச்சு என்றார், நல்ல காமிராவின்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி நிஜமாகவே மறைத்துவிட்டுத்தான் அதையும் சொன்னார், பொய் சொல்லக் கூசுகிற மனுஷன். ஒரு நாள் மத்தியானமே கோமு கூப்பிட, ஆவுடை துணிந்து பிச்சம்மாள் குரலில் "எப்படிட்டி இருக்க" என்றாள். "நல்லாருக்கேன் அத்தை, அம்மாவக் கூப்பிடுங்க" என்றாள் கோமு. இன்னொரு நாள் டீச்சர் குரலில் பேசினாள், "ஸ்தோத்திரம் டீச்சர், அம்மா பக்கத்துல இருக்காளா" என்றாள் கோமு. அண்ணாச்சி குரலில் பேசுவதற்கு ஆவுடைக்கே தைரியம் வரவில்லை.

சித்திரையில் ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுப்பதாகச் சொன்னார்கள், மிச்சம் மீதி இருக்கிற கேன்சரை அது தின்றுவிடும். அதற்கு முன்னால் சில வாரம் கடல் உப்பு, மீன், பால், தயிர், மோர் எதையும் தொடக் கூடாது. மாத்திரை போட்ட பிறகு தனி அறையில் கொஞ்ச நாள் யாரையும் பார்க்காமல் இருக்க வேண்டும். மோர் இல்லையென்றால் குரலும் இல்லை. அந்த நாட்களில் வளவே ஊமையான மாதிரி இருந்தது. ஜாம்நகரில் கோமுவோ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தான் ஊருக்கு வந்து வளைகாப்பு வைத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவுக்குக் கோபம். அம்மா ஏசாமல் இருக்கிறாள் என்றால் அது சாதாரணக் கோபம் இல்லை. மாப்பிள்ளை தனியாகச் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு, "மாமா, அவ சரியாவே சாப்பிடுறதில்ல, அத்தையை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்றான்.

ஆவுடை அதைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தனக்கு வந்தது கேன்சர் என்று சொன்னபோது கூட அவள் இவ்வளவு கலங்கவில்லை.

மாத்திரைக் காலம் முடிந்து மோர் குடிக்கலாம் என்றானதும் பிச்சம்மாள்தான் ஒரு யோசனை சொன்னாள். "நம்ம வீட்டுத் தயிர் கெட்டுப் போச்சுன்னா, நாம முந்தி யாருக்கு உறை குடுத்தோமோ அந்த வீட்டுல போயி நம்ம உறையத் திருப்பி வாங்குவோம்லா. அதே மாதிரி மைனி குரல் யாருட்டயாவது இருக்கும், தேடுங்க." நல்ல யோசனை. ஆனால் ஆவுடை யாருக்கும் குரலைக் கொடுத்ததாக நினைவில்லை, அவள் குரலை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதுமில்லை. கழுகுமலையிலிருந்து அவளுடைய அக்காவை வரவழைத்தார்கள். அக்கா மோரைப் பார்த்துத் தன் குடும்பக் கதையைப் பேசிக் கொடுத்தாள். அந்தக் குரல் ஆவுடைக்கு ஏறக்குறையப் பொருந்தியது, ஆனால் கீறல் இல்லை, ரொம்பத் தேன். "பெரியம்மா, எப்ப வந்தீங்க" என்றாள் கோமு போனில். அக்கா வந்த வேலை முடிந்து, இரண்டு பலாச்சுளையும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

அன்றைக்குச் சங்கரலிங்கம் சொன்னார். "ஆவுடை, கோமு கல்யாணமாகிப் போற வரைக்கும் நான் மண்டியிலருந்து போன் பண்ணுனா, எடுத்தது நீயா அவளான்னு எனக்கே தெரியாது. புளி வாங்கணுமான்னு கேப்பேன். போன வாரம் வாங்குன புளி என்னாச்சுன்னு நீ ஏசுத மாதிரியே அவ ஏசுவா. முழுசா ஏச்சு வாங்கிட்டு, கடைசியில 'எப்பா, நான் கோமு'ம்பா. உன் உறை ஜாம்நகர்ல இருக்கு."

அது உண்மை என்று ஆவுடைக்குச் சொன்ன மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. கேட்டு வாங்க வேண்டுமென்றால் ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும், யாரிடம் மறைக்கிறோமோ அவளிடமே சொல்ல வேண்டும். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். பிள்ளை பிறக்கட்டும் என்று வயிற்றைக் காட்டிக் கையால் சொன்னாள். கேட்டு ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் இந்தக் குரல் எதற்கு, ஊமையாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்பது அவள் நினைப்பு. அவர் வற்புறுத்தவில்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாரல் விழுந்துகொண்டிருந்தது. வளவில் எல்லா வீட்டிலும் விளக்கு ஏற்றியாகிவிட்டது, அன்றைய டீச்சர் குரல் ஆவுடையின் தொண்டையில் புளித்துப் பிரிந்துவிட்டது. போன் அடித்தது. சங்கரலிங்கம் ஸ்பீக்கரில் போட்டார்.

"எப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன், பொய் சொல்லாம சொல்லுங்க" என்றாள் கோமு. "அம்மா என்னை வெறுத்துட்டாளா? மொத ரெண்டு தடவை பிள்ளை தங்காமப் போனப்பவும் அவ ஏசத்தான் செஞ்சா. ஏசிக்கிட்டேதான் சோறு ஊட்டுனா. இப்ப ஏசக் கூட மாட்டேங்கா. நான் என்ன தப்புப்பா பண்ணுனேன்? நேத்துலருந்து எனக்குச் சோறே இறங்கல."

ஆவுடை போனைச் சங்கரலிங்கத்தின் கையிலிருந்து வாங்கினாள். கிசுகிசுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்தான். ஆனால் குரல் இல்லாத பேச்சுக்கு யாரிடமும் உறை வாங்க வேண்டாம், அது வெறும் மூச்சு, அது அவளிடம் இருந்தது.

"கோமு. நான்தான். தொண்டையில கேன்சர் வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. மாத்திரையும் குடுத்தாச்சு. இப்ப ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன். குரல்தான் போச்சு. உன்மேல கோவமே இல்லட்டி."

கேட்ட அதிர்ச்சியில் அங்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஆவுடைக்கு உயிர் போய் வந்தது. பிறகு கோமு ஆரம்பித்தாள்.

"உனக்குக் கூறு இருக்கா? கேக்கேன், கூறுன்னு ஒண்ணு இருக்கா? எம்புட்டு நாளா நான் இங்கன அழுதுட்டுக் கெடக்கேன். பிச்சம்மா அத்தைக்குத் தெரிஞ்சிருக்கு, கண்டக்டர் மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கு, அந்தப் பூனைக்குக் கூடத் தெரிஞ்சிருக்கு, பெத்த பிள்ளைக்குத் தெரியக் கூடாதோ? நீ என்ன அம்புட்டுப் பெரிய மனுஷியா? ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போகும்போது என் நெனப்பு வரல உனக்கு?"

கரகரப்பாக, நடுவில் கீறல் விழுந்து, அந்தச் சின்னப் போனுக்குள் அடங்காமல் அது வளவு முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. பலவேசம் அண்ணாச்சி சாரலில் நனைந்துகொண்டே வந்து, "ஆவுடைக்குக் குரல் வந்துட்டா?" என்று கேட்டார். பிச்சம்மாள் ஒரே எட்டில் உள்ளே வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டு மோரை எடுத்து அவ வாய்க்கு நேரா வைங்க" என்று சங்கரலிங்கத்திடம் சொன்னவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமைல்லா. விளக்கு வச்சாச்சே."

எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். விடியும் வரைக்கும் அந்த ஏச்சு தாங்காது, நாளைக்கே கோமு சமாதானமாகிவிடுவாள், சமாதானமானவளின் குரலில் பாதிதான் ஆவுடை இருப்பாள், அது எல்லோருக்கும் தெரிந்தது. பிச்சம்மாள்தான் அந்தச் சட்டத்தை இத்தனை வருஷம் காப்பாற்றியவள், அதற்குள்ளே ஒரு சந்துவழியையும் அவளே கண்டுபிடித்தாள். "குடுக்கிற வீட்டு விளக்குதான் கணக்கு. வாங்குற வீட்டுக்கு என்ன வந்துச்சு? அங்க விளக்கு வச்சாச்சான்னு கேளுங்க."

சங்கரலிங்கம் ஏச்சுக்கு நடுவில் புகுந்தார். "எம்மா கோமு, உன் வீட்டுல விளக்கு ஏத்தியாச்சா?"

"என்னப்பா இப்பப் போயி இதக் கேக்கீங்க. இங்க இன்னும் வெயில் அடிக்கு, ஜன்னல்ல கண்ணு கூசுது."

"மேற்கே தள்ளி இருக்கிற ஊரு. அங்க சூரியன் மெதுவாத்தான் இறங்கும், சரியா?" என்றார் ரெஜினா டீச்சர்.

"அப்பப் பகல்லதான் குடுக்கா" என்று பிச்சம்மாள் தீர்த்துவிட்டாள். சங்கரலிங்கம் மகளிடம் விஷயத்தைச் சொன்னார், உன் குரலில் கொஞ்சம் அம்மாவுக்கு உறைக்கு வேண்டும் என்றார். கோமு அந்த வளவில் வளர்ந்தவள், அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மோர் குளுந்து கெடக்கா, வெதுவெதுன்னு இருக்கா?"

"வெந்நீர்ல வச்சு எடுத்துட்டேன்" என்றார் சங்கரலிங்கம்.

"சரி, பக்கத்துல வைங்க" என்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். பயந்ததைச் சொல்லி ஏசினாள், பொய் சொன்ன அப்பாவை ஏசினாள், பிளாஸ்திரியைத் தெரிந்துகொண்டு அதற்கும் ஏசினாள், வளவில் ஒரு வீடு விடாமல் பெயர் சொல்லி ஏசினாள். பெயர் சொல்லப்பட்டவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். நடுநடுவே அழுதாள், அழுகையும் டம்ளருக்குள் விழுந்தது. ஜாம்நகரில் சூரியன் இறங்கும் நேரத்தில், "போதும்ப்பா, இனி நான் விளக்கேத்தணும், ஏதாவது சாப்பிடணும்" என்று வைத்தாள். சாப்பிடணும் என்ற சொல்லைக் கேட்டுத்தான் ஆவுடை டம்ளரைக் கையில் எடுத்தாள்.

சாரல் காலத்தில் தயிர் லேசில் உறையாது. சனிக்கிழமை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்த டீச்சர் எட்டிப் பார்த்தார், ஆவுடை உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு வீட்டு உறை கலந்துவிடக் கூடாதே என்று யாரும் அவள் பக்கத்தில் சத்தமாகப் பேசவில்லை. பிச்சம்மாள் தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனாள், அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை, அது அவள் வாழ்க்கையிலேயே பெரிய காரியம். ஆவுடை ஜன்னலோரம் உட்கார்ந்து ம்… ம்… என்று மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நடந்தது நரம்பு முழித்ததாலா, உறை விழுந்ததாலா என்பதில் டாக்டரம்மாவுக்கும் வளவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

திங்கட்கிழமை பல் விளக்கும்போதே அவளுக்குத் தொண்டையில் கனம் தெரிந்தது. யாரிடமும் பேசிப் பார்க்கவில்லை. புருஷன் காப்பி கேட்டதற்குக் கூடப் பதில் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் மணியிலேயே கோமு எடுத்தாள்.

"எப்பா, உறைஞ்சிருச்சா?"

"பெத்தவளைப் பாத்துக் கூறு இருக்கான்னு கேக்கியே, உனக்கு இருக்காட்டி?" என்றாள் ஆவுடை. "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு நாள் பூராச் சோறு திங்காமக் கெடந்திருக்க. நான் பேசலேன்னா பட்டினி கெடப்பியோ? அந்த மனுஷன் வேலைக்குப் போவாரா, உனக்குக் காவல் இருப்பாரா?"

பழைய குரல்தான், ஆனால் முழுசாகப் பழையது இல்லை. ஒரு படி தணிந்திருந்தது, ஓரத்தில் கொஞ்சம் காற்று ஒழுகியது, நீளமான வாக்கியத்தின் கடைசியில் மூச்சு வாங்கியது. அதே உறை, வேறு பால். கீறல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. கையில் வெறும் காப்பி டம்ளரோடு நின்ற சங்கரலிங்கம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எம்மா" என்றாள் கோமு.

"என்னட்டி?"

"இன்னும் கொஞ்சம் ஏசும்மா."

ரொம்ப நேரம் பேசக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஆவுடை கம்பளியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, முக்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, ஏசினாள்.